ஊசி முனையில் ஒரு மைக்ரோலிட்டர்

மருத்துவமனையில் குளுக்கோஸ் இறங்குவதைச் சொட்டுக் கணக்கில்தான் அளப்பார்கள். சாதாரண ஐ.வி. செட்டில் இருபது சொட்டு விழுந்தால் ஒரு மில்லி. நோயாளிக்கு ரத்தம் எடுத்த 22 கேஜ் ஊசி கை தவறி நர்ஸின் விரலில் குத்திவிட்டால், அதன் வழியே உள்ளே போகும் நோயாளியின் ரத்தம் அந்த ஒரு சொட்டில் ஐம்பதில் ஒரு பங்கு அளவே இருக்கும். ஒரு மைக்ரோலிட்டர், மிஞ்சினால் ஒன்றரை. கையுறையைக் கழற்றியதும் விரல் நுனியில் தெரிகிற சிவப்புப் பொட்டு அவருடைய சொந்த ரத்தம். நோயாளியின் ரத்தம் கண்ணுக்கே தெரியாது.

அந்த ஒரு மைக்ரோலிட்டரில் என்ன இருக்கும் என்பது படுக்கையில் இருப்பவரைப் பொறுத்தது. ஹெப்படைட்டிஸ் பி வைரஸ் தீவிரமாகப் பெருகிக்கொண்டிருக்கும் ஒருவரின் ரத்தத்தில் மில்லிக்கு நூறு கோடி வைரஸ் துகள்கள்கூட இருக்கலாம். அப்படியானால் ஒரு மைக்ரோலிட்டரில் பத்து லட்சம். ஹெப்படைட்டிஸ் சி என்றால் மில்லிக்குப் பத்து லட்சம் என்பது வழக்கமான அளவு. ஒரு மைக்ரோலிட்டருக்கு ஆயிரம் வரும். சிகிச்சை எடுக்காத ஹெச்.ஐ.வி. நோயாளியிடம் மில்லிக்கு ஒரு லட்சம் இருந்தால் நம் கணக்கில் வருவது நூறு. அதிலும் பெரும்பாலானவை செல்லுக்குள் நுழைந்து பெருகும் திறன் இல்லாத பழுதுபட்ட துகள்கள்.

இந்த இறங்குவரிசை ஏறக்குறையத் தொற்று வாய்ப்பிலும் தெரிகிறது. தடுப்பூசி போடாத ஒருவருக்கு ஹெப்படைட்டிஸ் பி நோயாளியின் ஊசி குத்தினால் தொற்று வரும் வாய்ப்பு 100க்கு 6 முதல் 30 வரை. ஹெப்படைட்டிஸ் சி-க்கு நெடுங்காலமாக 100க்கு 2 அல்லது 3 என்று சொல்லிவந்தார்கள். அண்மைக்காலக் கணக்குகள் அதை 1000க்கு 2 என்ற அளவுக்குக் குறைத்திருக்கின்றன. ஹெச்.ஐ.வி.க்கு 1000க்கு 3. வேறு மாதிரிச் சொன்னால், ஹெச்.ஐ.வி. நோயாளியின் ஊசி குத்திய ஆயிரம் பேரில், மருந்து எதுவும் எடுக்காவிட்டாலும், 997 பேருக்கு ஒன்றும் ஆவதில்லை. நோயாளி ஏ.ஆர்.டி. என்ற ஹெச்.ஐ.வி. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு, அவர் ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்திருந்தால், ஆபத்து அதிலும் மிகக் குறைவு.

நம் ஊர் மருத்துவமனைகளில் நடப்பது இதற்கு நேர்மாறு. ஹெச்.ஐ.வி. என்ற மூன்றெழுத்தைக் கேட்டதும் வார்டே பதறுகிறது. ஊசி குத்தியதும் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "பேஷன்ட் ரியாக்டிவா?", அதாவது ஹெச்.ஐ.வி. உள்ளவரா, என்பதுதான். நூறு மடங்கு வரை எளிதாகத் தொற்றக்கூடிய ஹெப்படைட்டிஸ் பி-யை யாரும் நினைப்பதில்லை. இந்தியாவில் ஹெச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், நம் சென்னையில், டாக்டர் சுனிதி சாலமன் தலைமையில். அதற்குப் பிந்தைய பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தாம்பரம் சானடோரியம் மருத்துவமனைக்கு வந்து குவிந்த நோயாளிகளைப் பார்த்த தலைமுறைக்கு அந்தப் பயம் மனத்தில் பதிந்துவிட்டது. பயம் நியாயமானதுதான், ஆனால் அது தவறான இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது.

ஹெப்படைட்டிஸ் பி மருத்துவப் பணியாளர்களைக் கொன்ற வரலாறு ஹெச்.ஐ.வி.க்கு முந்தையது. 1969-70இல் எடின்பரோ நகரில் ஒரு டயாலிசிஸ் பிரிவில் பரவிய ஹெப்படைட்டிஸ் பி நோயாளிகளோடு பணியாளர்களின் உயிரையும் பறித்தது. உலர்ந்த ரத்தக் கறையிலும் ஒரு வாரம் உயிர்ப்போடு இருக்கக்கூடிய வைரஸ் அது. பரூக் பிளம்பெர்க் அதன் மேலுறைப் புரதத்தைக் கண்டுபிடித்து 1976இல் நோபல் பரிசு பெற்றார். அந்தப் புரதத்தைக் கொண்டே 1981இல் அமெரிக்காவில் தடுப்பூசி வந்தது. அதன் பலனாக 1983க்கும் 1995க்கும் இடையே அந்நாட்டு மருத்துவப் பணியாளர்களிடையே ஹெப்படைட்டிஸ் பி தொற்று 95 விழுக்காடு குறைந்தது. தொழிலில் வரும் ஒரு நோயைத் தடுப்பூசி இந்த அளவுக்கு அடக்கியதற்கு வேறு எடுத்துக்காட்டு சொல்வது கடினம். இந்தியாவில் ஹைதராபாதின் சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997இல் உள்நாட்டிலேயே இதைத் தயாரித்து, விலையை எட்டும் உயரத்துக்கு இறக்கியது.

ஆனாலும் குழந்தைகளுக்கான தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் அது நாடு முழுமைக்கும் விரிந்தது 2011இல்தான். இன்று வார்டில் நிற்கும் ஸ்டாஃப் நர்ஸ்களும் பயிற்சி டாக்டர்களும் அதற்கு முன் பிறந்தவர்கள். பள்ளியில் போட்டிருப்பார்கள், கல்லூரியில் சேரும்போது போட்டிருப்பார்கள் என்று நம்பிக்கொண்டிருப்பது போதாது. முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம் என்று மூன்று தவணை. பலர் இரண்டோடு நிறுத்திவிடுகிறார்கள், மூன்றாவது தவணை வரும்போது பணிமாறுதலோ தேர்வோ வந்திருக்கும். மூன்றும் முடித்தவர்களிலும் நூறில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு எதிர்ப்பாற்றல் உருவாவதில்லை. அவர்கள் யார் என்று வெளிப்பார்வைக்குத் தெரியாது. கடைசித் தவணை முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும். மருத்துவமனை வழக்கில் "டைட்டர் பார்த்தாச்சா?" என்று கேட்பார்களே, அதுதான். மில்லிலிட்டருக்கு 10 மில்லி யூனிட்டுக்கு மேல் இருந்தால் கவலை விட்டது. இல்லையென்றால் இன்னொரு மூன்று தவணை. அப்போதும் வராதவர்களுக்கு, ஊசி குத்தும் நாளில் ஹெப்படைட்டிஸ் பி இம்யூனோகுளோபுலின் என்ற ஆயத்த எதிர்ப்பொருளைப் போட வேண்டியிருக்கும். கூடுமானவரை 24 மணி நேரத்துக்குள். அது விலை கூடியது, எல்லா மருத்துவமனை மருந்தகத்திலும் கிடைக்காதது. குத்திய பிறகு அதைத் தேடி ஊர் ஊராகப் போன் செய்வதைவிட, டைட்டரை முன்னாலேயே பார்த்துவைப்பது எவ்வளவோ மலிவு.

சரி, குத்திவிட்டது. இப்போது என்ன செய்வது?

முதலில் செய்யக்கூடாதவை, ஏனென்றால் எல்லாரும் இயல்பாகச் செய்வது அவற்றைத்தான். விரலை வாயில் வைத்து உறிஞ்சக் கூடாது. பிதுக்கி ரத்தத்தை வெளியேற்றப் பார்க்கக் கூடாது. அப்படிப் பிதுக்குவதால் வைரஸ் வெளியேறும் என்பதற்குச் சான்றில்லை. மாறாக, அந்த இடத்துத் திசு நசுங்கி அழற்சி கூடுகிறது. அழற்சி வந்த இடத்துக்கு ஓடிவரும் வெள்ளணுக்கள்தான் ஹெச்.ஐ.வி. தேடும் இரை. இதே காரணத்தால் ஸ்பிரிட், பிளீச்சிங், அயோடின் என்று எரிச்சலூட்டும் எதையும் ஊற்றக் கூடாது. ஓடும் குழாய் நீரும் சோப்பும் போதும். கண்ணில் தெறித்திருந்தால் சுத்தமான நீர் அல்லது சலைன் கொண்டு நன்றாகக் கழுவ வேண்டும்.

அடுத்து, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று, உடலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். தோலுக்குள் விடப்பட்ட ஹெச்.ஐ.வி. உடனே ரத்தத்தில் கலந்து உடலெங்கும் பரவிவிடுவதில்லை. காயம் பட்ட இடத்தில் காவல் இருக்கும் டென்ட்ரிட்டிக் செல்கள் அதைப் பிடித்துக்கொள்கின்றன. அந்நிய உயிரியைப் பிடித்தால் அருகிலுள்ள நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுபோய்க் காட்டுவது அவற்றின் வேலை. ஹெச்.ஐ.வி. விஷயத்தில் இதுவே வினையாகிறது: கணுவில் குவிந்திருக்கும் சிடி4 வெள்ளணுக்களுக்கு, கைதியைக் கொண்டுவரும் காவலரே திருடனை வீட்டுக்குள் விட்ட கதையாக, வைரஸ் போய்ச் சேர்ந்துவிடுகிறது. இந்தப் பயணத்துக்கு இரண்டு மூன்று நாள் ஆகிறது. ஐந்தாவது நாள் வாக்கில்தான் வைரஸ் ரத்தத்தில் தலைகாட்டுகிறது. அதற்குள் மருந்து உடலில் இருந்தால், வைரஸ் தன் மரபுச்செய்தியை மனித டி.என்.ஏ.வுக்குள் எழுதிவிடும் முன்பே அந்த எழுத்தைத் தடுத்துவிடலாம். ஒருமுறை எழுதிவிட்டால் அழிக்க முடியாது.

மருந்தைத் தொடங்க 72 மணி நேரம் என்ற கெடு இங்கிருந்துதான் வருகிறது. 1998இல் வெளியான குரங்கு ஆய்வு ஒன்று இதைத் துல்லியமாகக் காட்டியது. ஹெச்.ஐ.வி.யின் குரங்கு உறவான எஸ்.ஐ.வி.யை ரத்தத்தில் செலுத்திவிட்டு, வெவ்வேறு நேரத்தில் டெனோஃபோவிர் மருந்தைத் தொடங்கினார்கள். 24 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் கொடுத்த குரங்குகள் அனைத்தும் தப்பின. தாமதமாகத் தொடங்கினாலோ, தொடங்கிவிட்டுப் பாதியில் நிறுத்தினாலோ பாதுகாப்பு குறைந்தது. இன்று நம் ஏ.ஆர்.டி. மையங்களில் 28 நாள் என்று மாத்திரை எண்ணிக் கொடுக்கிறார்களே, அந்த எண்ணின் வேர் அங்கே இருக்கிறது.

மனிதர்களில் இதைச் சோதனை வைத்துப் பார்க்க முடியாது. ஊசி குத்திய நர்ஸ்களில் பாதிப் பேருக்கு மருந்தும் பாதிப் பேருக்கு வெறும் மாத்திரையும் கொடுக்க எந்த அறநெறிக் குழு சம்மதிக்கும்? ஆகவே பின்னோக்கிப் பார்த்தார்கள். ஊசிக்குத்தால் ஹெச்.ஐ.வி. தொற்றியவர்களையும், குத்தியும் தொற்றாதவர்களையும் ஒப்பிட்டு 1997இல் வந்த ஆய்வு, சிடோவுடின் என்ற ஒரே மருந்து எடுத்தவர்களுக்குத் தொற்று வாய்ப்பு 81 விழுக்காடு குறைந்திருந்ததாகக் கணக்கிட்டது. எந்தக் குத்து ஆபத்தானது என்பதையும் அதே ஆய்வு சொல்லிவிட்டது: ஆழமாக இறங்கியது, ஊசியில் ரத்தம் கண்ணுக்குத் தெரிந்தது, ரத்தக் குழாய்க்குள் இருந்து வெளியே எடுத்தது, நோய் முற்றிய நோயாளியிடமிருந்து வந்தது. தசையில் போடும் ஊசியோ தையல் ஊசியோ அவ்வளவு மோசமில்லை. தையல் ஊசிக்குள் குழல் கிடையாது. வெளியில் ஒட்டியிருக்கும் ரத்தத்தில் பெரும்பங்கைக் கையுறையே துடைத்துவிடும். இது ஊசியைத் தடுக்குமா என்று கையுறையைக் கேலி செய்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இப்போது தருவது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, நாளைக்கு ஒன்று. பழைய மருந்துகளில் வாந்தியும் சோர்வும் தாங்காமல் பலர் பாதியில் விட்டார்கள். இதில் அந்தத் தொல்லை குறைவு. முதல் மாத்திரையை இரண்டு மணி நேரத்துக்குள் போட்டுவிடுவது நல்லது. நோயாளியின் ரிசல்ட் வரட்டும், காலையில் சீஃப் வரட்டும், ஃபார்ம் கையெழுத்தாகட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நோயாளிக்கு ஹெச்.ஐ.வி. இல்லை என்று பிறகு தெரிந்தால் மாத்திரையை நிறுத்திக்கொள்ளலாம்; ஒரு மாத்திரையால் ஒன்றும் கெட்டுப்போகாது. நோயாளியைப் பரிசோதிக்க அவருடைய சம்மதம் வேண்டும் என்பதையும், முடிவை வார்டு முழுக்கப் பேசக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

குத்துப்பட்டவரின் ரத்தத்தையும் அன்றைக்கே எடுத்துவைக்க வேண்டும். பலருக்கு இது அவமானமாகப் படுகிறது, "என்னைச் சந்தேகப்படுகிறீர்களா?" என்று கோபப்படுவார்கள். அன்றைய முடிவு நெகட்டிவ் என்று பதிவாகியிருந்தால்தான், பின்னால் ஏதேனும் வந்தால் அது பணியில் வந்தது என்று நிலைநாட்ட முடியும். மருத்துவக் காரணமும் உண்டு. அவருக்கே தெரியாமல் ஹெப்படைட்டிஸ் பி இருந்தால், டெனோஃபோவிர் அதையும் அடக்கிவைக்கும்; 28 நாளில் திடீரென்று நிறுத்தும்போது கல்லீரல் சீறக்கூடும். பிறகு ஆறு வாரம், மூன்று மாதம், ஆறு மாதம் என்று மறுபரிசோதனை. அதுவரை ரத்த தானம் கூடாது, தாம்பத்தியத்தில் ஆணுறை வேண்டும், பால் கொடுக்கும் தாய் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஹெப்படைட்டிஸ் சி-க்குத் தடுப்பூசியும் இல்லை, குத்திய பிறகு கொடுக்கும் தடுப்பு மருந்தும் இல்லை. இருபது ஆண்டுக்கு முன் இந்த வரியை எழுதியிருந்தால் படிப்பவர் வயிற்றில் புளியைக் கரைத்திருக்கும். இன்று அப்படியில்லை. தொற்றினாலும் மூன்று மாத மாத்திரையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குக் குணமாகிவிடுகிறது. 2018இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெப்படைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அந்த மாத்திரைகள் இலவசம். தொற்றியதா என்று மூன்று முதல் ஆறு வாரத்தில் ஆர்.என்.ஏ. பரிசோதனையிலேயே தெரிந்துவிடும்.

மருந்துக்கு அடங்காதது மறுபரிசோதனை முடியும்வரையான அந்த ஆறு மாதக் காத்திருப்பு. 22 வயதில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கும் ஒரு பெண், வீட்டில் வரன் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில், தினமும் ஏ.ஆர்.டி. மாத்திரை விழுங்குகிறார். டப்பாவின் லேபிளைக் கிழித்துவிட்டு வைத்துக்கொள்கிறார். யாரிடம் சொல்வது? 997 என்ற எண்ணை நூறு முறை சொல்லிக்கொண்டாலும் ராத்திரியில் அந்த மூன்றுதான் கண்முன் நிற்கும். தூக்கமின்மை, எரிச்சல், இன்னொரு ஊசியை எடுக்கும்போது கை நடுக்கம், எல்லாம் இயல்பானவை. அரசு மருத்துவமனைகளில் இருக்கும் நம்பிக்கை மையங்களின் ஆலோசகர்களுக்கு இந்தப் பேச்சு பழக்கம். 1097 என்ற இலவசத் தொலைபேசி எண்ணிலும் பேசலாம். ஆனால் அவருக்கு முதலில் தேவைப்படுவது, ஊசி குத்தியதும் நர்சிங் சூப்பரின்டென்டன்டிடம் போய் நின்றபோது, "எங்கே பராக்குப் பார்த்துக்கிட்டிருந்தே?" என்ற கேள்வி வராமலிருப்பது.

அந்தக் கேள்விதான் இந்தப் பிரச்சினையின் ஆணிவேர் என்று நினைக்கிறேன். ஊசிக்குத்து என்றால் கவனக்குறைவு என்று நம் மருத்துவமனைகள் முடிவுகட்டி வைத்திருக்கின்றன. ஆகவே குத்துப்பட்டவர் வாயைத் திறப்பதில்லை. வாயைத் திறக்காததால் இரண்டு மணி நேரக் கெடு தாண்டிப்போகிறது. பதிவேட்டில் எதுவும் ஏறாததால், "எங்கள் மருத்துவமனையில் அப்படி எதுவும் நடப்பதில்லை" என்று நிர்வாகம் மார்தட்டுகிறது.

கவனக்குறைவு என்ற இந்த முடிவு தவறு என்று 1988இலேயே ஒருவர் காட்டிவிட்டார். அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தொற்றியல் ஆய்வாளர் ஜனீன் ஜாகர், தன் பல்கலைக்கழக மருத்துவமனையில் பத்து மாதத்தில் பதிவான 326 ஊசிக்குத்துகளை எடுத்துக்கொண்டார். யாருக்குக் குத்தியது என்பதோடு நிற்காமல் எந்தக் கருவி குத்தியது என்று கேட்டார். எண்ணிக்கையில் முதலிடம் சாதாரண சிரிஞ்சுக்கு. அதுதான் மிக அதிகமாகப் பயன்படுவது, ஆகவே அதில் வியப்பில்லை. ஆனால் வாங்கிய கருவி ஒரு லட்சத்துக்கு எத்தனை குத்து என்று வகுத்துப் பார்த்தால் சிரிஞ்சுதான் கடைசி. ஐ.வி. டியூபோடு ஊசியைச் சேர்த்துப் பயன்படுத்தும் அமைப்பு அதைவிட ஐந்து மடங்கு அதிகமாகக் குத்தியது. பயன்படுத்திய பிறகு கழற்றவேண்டிய மற்றக் கருவிகளும் சிரிஞ்சைவிட அதிகமாகவே குத்தின. அதே நர்ஸ்கள், அதே கைகள், அதே கவனம். கருவி மாறினால் குத்தும் மாறுகிறது.

மூன்றில் ஒரு குத்து, ஊசிக்கு மூடியைத் திரும்பப் போடும்போது நடந்திருந்தது. மூடாதே என்று அப்போதே விதி இருந்தது. ஏன் மூடினீர்கள் என்று ஜாகர் கேட்டபோது வந்த விடைகள் சுவையானவை: திறந்த ஊசியோடு கருவியைக் கழற்றுவதைவிட மூடிவிட்டுக் கழற்றுவது பாதுகாப்பாகத் தோன்றியது, கையில் நாலைந்து திறந்த ஊசிகளை வைத்துக்கொண்டு தூரத்திலிருக்கும் பெட்டிவரை நடப்பதைவிட மூடிக்கொண்டு நடப்பது நல்லதென்று பட்டது. அதாவது ஒரு ஆபத்துக்குப் பயந்து இன்னொன்றைத் தேர்ந்திருக்கிறார்கள். புத்தியில்லாமல் செய்யவில்லை. இந்த ஆய்வும் அதைத் தொடர்ந்த பணிகளும் ஜாகருக்கு 2002இல் மக்ஆர்தர் நிதிநல்கையைப் பெற்றுத் தந்தன.

அந்த ஆய்வுக்குப் பத்தாண்டு கழித்து, 1998இல், பாஸ்டனில் கேரன் டேலி என்ற அவசரசிகிச்சை நர்ஸ், ரத்தம் எடுத்து முடித்த ஊசியைப் பெட்டியில் போடக் கையை நீட்டினார். பெட்டியின் வாயில் முன்பே யாரோ போட்ட ஊசி நீட்டிக்கொண்டிருந்தது. கையுறையைத் துளைத்து விரலில் ஏறியது. இருபதாண்டுக்கு மேல் அனுபவம் உள்ளவர், கையுறை போட்டிருந்தார், ஊசியைப் போடவேண்டிய இடத்தில்தான் போட்டார். சில மாதங்களில் ஹெச்.ஐ.வி., ஹெப்படைட்டிஸ் சி இரண்டும் உறுதியாயின. அவரிடம் போய்க் கவனக்குறைவு என்று யார் சொல்ல முடியும்? தன் நோயை மறைக்காமல் அவர் பொதுவெளியில் பேசினார், அமெரிக்க நாடாளுமன்றத்தில் சாட்சியம் சொன்னார். 2000 நவம்பரில் ஊசிக்குத்துப் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தானது. மருத்துவமனைகள் பாதுகாப்பு அமைப்புள்ள ஊசிகளை வாங்கியாக வேண்டும், எதை வாங்குவது என்று தேர்ந்தெடுப்பதில் அவற்றைப் பயன்படுத்தும் நர்ஸ்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், குத்துகளுக்குத் தனிப் பதிவேடு வேண்டும் என்றது அது. அடுத்த ஆண்டே அங்கே ஊசிக்குத்துகள் ஏறக்குறைய 38 விழுக்காடு சரிந்தன. அமெரிக்காவில் 1985 முதல் 2013 வரை பணியிடத்தில் ஹெச்.ஐ.வி. தொற்றியதாக உறுதியானவர்கள் 58 பேர். அவர்களில் 1999க்குப் பிறகு தொற்றியவர் ஒரே ஒருவர், அவரும் ஆய்வகத்தில் வைரஸை வளர்த்துக்கொண்டிருந்தவர். டேலி பின்னாளில் அமெரிக்க நர்ஸ்கள் சங்கத்தின் தலைவரானார்.

நம்மிடம் பாதுகாப்பு ஊசி இல்லையா என்று கேட்டால், கொரோனா தடுப்பூசி போட்டபோது பார்த்த சிரிஞ்சைச் சிலர் காட்டுவார்கள். ஒருமுறை அழுத்தினால் பிஸ்டன் பூட்டிக்கொள்ளுமே, அது. அது காப்பாற்றுவது அடுத்த நோயாளியை. மறுபடி பயன்படுத்த முடியாமல் பூட்டிக்கொள்ளுமே தவிர, அதன் ஊசி முனை வழக்கம்போலத் திறந்தேதான் நிற்கும். நர்ஸைக் காப்பது வேறு வகை: வேலை முடிந்ததும் ஊசி தானாக உள்ளே இழுத்துக்கொள்வது, முனைமேல் உறை வந்து மூடிக்கொள்வது, கேனுலாவிலிருந்து உருவும்போதே நுனியில் ஒரு கிளிப் பூட்டிக்கொள்வது. மறுபயன்பாட்டைத் தடுக்கும் சிரிஞ்சுகளுக்கு எல்லா நாடுகளும் மாற வேண்டும், முனையை மறைக்கும் அமைப்பும் முடிந்தவரை வேண்டும் என்று 2015இல் உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டது. முதலாவதில் நாம் கொஞ்சம் முன்னேறியிருக்கிறோம். இரண்டாவது பெரிய தனியார் மருத்துவமனைகளின் சில வார்டுகளோடு நின்றுவிடுகிறது. விலைதான் காரணம்.

விலையில்லாத வழிகள் சிலவும் இருக்கின்றன. ஊசிப் பெட்டியும் நீடில் கட்டரும் நர்சிங் ஸ்டேஷனில் இருக்கக் கூடாது. ஊசி போடும் ட்ராலியிலேயே இருக்க வேண்டும். பத்தாம் எண் படுக்கையிலிருந்து ஸ்டேஷன் வரை திறந்த ஊசியோடு நடக்கும் அந்த இருபது அடிதான் அபாயம்; ரவுண்ட்ஸ் நேரத்தில் எதிரே யார் வந்து மோதுவார்கள் என்று சொல்ல முடியாது. பெட்டி முக்கால் நிறைந்ததும் மூடிவிட வேண்டும். மூடியைத் திரும்பப் போட்டே ஆகவேண்டிய நிலை வந்தால், மூடியை ட்ரேயில் படுக்கவைத்து, ஒரே கையால் ஊசியை அதற்குள் செலுத்தித் தூக்க வேண்டும். இன்னொரு கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். ஆபரேஷன் தியேட்டரில் கத்தியையும் ஊசியையும் கைக்குக் கை கொடுக்காமல் நடுவில் ஒரு தட்டில் வைத்து எடுத்துக்கொள்வது, இரட்டைக் கையுறை போடுவது, தசையுறையைத் தைக்க மழுங்கிய முனை ஊசி வைத்துக்கொள்வது, இவை எல்லாம் பலன் தருவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மழுங்கிய ஊசியில் கையுறை கிழிவது பாதிக்குப் பாதி குறைகிறது. தேவையில்லாத ஊசியைப் போடாமலிருப்பது இன்னும் நல்லது. காய்ச்சலுக்கு ஊசி போட்டால்தான் டாக்டர் என்று நம்புகிற நம் மக்களுக்கும் இதில் பங்குண்டு.

சட்டத்துக்கு நம்மிடம் பஞ்சமில்லை. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த ஹெச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, அரசு என்றாலும் தனியார் என்றாலும், ஒவ்வொரு மருத்துவ நிறுவனமும் தன் பணியாளருக்குப் பாதுகாப்புக் கருவிகளும் பயிற்சியும், குத்திய பிறகான தடுப்பு மருந்தும் தரவேண்டும் என்கிறது. 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள், ஊசிகளைத் துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டியில்தான் போடவேண்டும் என்றும், கழிவைக் கையாளும் அனைவருக்கும் ஹெப்படைட்டிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போடவேண்டும் என்றும் சொல்கின்றன. அனைவருக்கும் என்றால் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளருக்கும் சேர்த்துத்தான். நர்ஸுக்குக் குத்தும்போது யார் ரத்தம் என்றாவது தெரியும். சிவப்புப் பையைத் தூக்கும்போது தொடையில் குத்திய ஊசி யாருடையது என்று தூய்மைப் பணியாளர் எங்கே போய்த் தேடுவார்? கான்ட்ராக்டர் மாறும் ஒவ்வொரு முறையும் தடுப்பூசித் தவணைகளும் மறந்துபோகின்றன. கழிவுப் பையில் கிடக்கும் ஒவ்வோர் ஊசியும் மேலே வார்டில் ஒருவர் போடவேண்டிய இடத்தில் போடாதது என்பதை டாக்டர்களும் நர்ஸ்களும் நினைவில் வைக்க வேண்டும்.

மருத்துவமனைக்கு வெளியேயும் இந்த ஊசிகள் இருக்கின்றன. வீட்டில் இன்சுலின் போட்டுக்கொள்ளும் சர்க்கரை நோயாளிகள் பேனா ஊசியையும் சிரிஞ்சையும் குப்பைக் கூடையில்தான் போடுகிறார்கள். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் அதை வீட்டு அபாயக் கழிவு என்று வகுத்தன; தனியாகக் கொடுக்கப்பட வேண்டியது அது. உங்கள் வீட்டில் இன்சுலின் போடுபவர் இருந்தால், பினாயில் பாட்டில் மாதிரிக் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றை ஒதுக்குங்கள். ஊசிகளை அதில் போட்டு, முக்கால் நிறைந்ததும் மூடியை இறுக்கி டேப் ஒட்டி, வெளியே "ஊசி" என்று பெரிதாக எழுதி, மற்ற குப்பையோடு கலக்காமல், காலையில் வண்டி தள்ளிக்கொண்டு வரும் அம்மாவிடம் சொல்லிக் கையில் கொடுங்கள்.